கிளி விரட்டிய கேசட்டுக்குள் ஒரு குழாயடி

1

நெதர்லாந்துக்கு வந்து போன வாரத்தோடு ஐந்து வருடம் முடிந்தது. அதற்கென்றே பார்த்துக்கொண்டிருந்தது போல நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாழ்த்துக் கடிதம் இல்லை, இன்னொரு படிவம். இந்த நாட்டில் நான் இருக்கிறேன் என்பதற்கு என்னை விட என் படிவங்கள்தான் நல்ல சாட்சி. அதில் ஒரு கேள்வி: "வேலை நேரம் போக, இங்குள்ள மக்களோடு எப்படிப் பழகுகிறீர்கள்?"

நான் எழுதிய பதில்: "சனிக்கிழமைகளில் அவர்களோடு உட்கார்ந்து பழைய கேசட்டுகளின் கீச்சுச் சத்தம் கேட்கிறேன்."

இதை ஊருக்கு விளக்கத்தான் இந்தக் குறிப்பு. வேடசந்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில், பூங்கொடி வெளிநாட்டில் பெரிய கம்பெனியில் இருக்கிறாள் என்று பேச்சு. உண்மைதான், வாரத்தில் ஐந்து நாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை. அப்பாவுக்கு மைக் செட். அப்பாவின் கடைக்கு 'பூங்கொடி சவுண்ட் சர்வீஸ்' என்று பெயர். அந்தப் பலகையை ஒன்றாம் வகுப்பில் நான் எழுத்துக்கூட்டிப் படித்ததுதான் எங்கள் குடும்பத்தில் நடந்த முதல் வாசிப்பு. அப்படிப்பட்டவள் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கே சொல்லப்போகிற சிக்கலில் பாதி அந்தப் பெருமையால் வந்தது.

சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் சேர்ந்ததற்குக் காரணம் டச்சு மொழி. மென்பொருள் சோதனை வேலைக்கு ஆங்கிலம் போதும்; வாழ்வதற்குப் போதாது. இவர்கள் நாற்பத்தேழை 'ஏழும் நாற்பதும்' என்று திருப்பிச் சொல்வார்கள். அதனால் முதல் வருடம் முழுக்க நான் 47ஆம் எண் வீட்டில் பசியோடு உட்கார்ந்திருக்க, நான் தொலைபேசியில் வரவழைத்த பீட்சா 74ஆம் எண் வீட்டுக்குப் போனது. அந்த வீட்டுக்காரர் இன்றும் தெருவில் என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறார். ஏதாவது ஒரு குழுவில் போய் உட்கார்ந்து பேசிப் பழகு என்று மொழி வகுப்பு ஆசிரியை சொன்னார். தோட்டக்கலைக் குழுவில் இடம் இல்லை. கேசட் குழுவில் ஒன்பது பேருக்கு இருபது நாற்காலி கிடந்தது.

2

மூடிய பள்ளிக்கூடம் ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் அவர்கள் கூடுவார்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். தலைவர் வில்லெம், ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். எண்பதுகளில் வீட்டுக் கணினி என்று ஒன்று வந்ததாம். தடித்த விசைப்பலகை மாதிரி இருக்கும். டிவியோடு இணைத்தால் கணினி, இல்லாவிட்டால் அட்டைப்பெட்டி. கம்பெனிகள் விற்ற விளையாட்டுகள் எப்படியோ தப்பிவிட்டன. சாதாரண ஆட்கள் பொழுதுபோக்காக வீட்டில் எழுதிய விளையாட்டுகள்தான் அழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பாட்டு கேசட்டில் சத்தமாகப் பதிந்து வைத்திருந்தார்கள். அந்தச் சத்தத்தைத் திரும்ப எழுத்தும் எண்ணுமாக மாற்றிப் பத்திரப்படுத்துவது குழுவின் வேலை.

முதல் நாள் எனக்குக் காட்டுவதற்காக வில்லெம் ஒரு கேசட்டை ஓடவிட்டார். கீச்ச்ச் என்று ஒரு நீளச் சத்தம், பிறகு தகரத்தில் கரண்டியால் பறபறவென்று சுரண்டுவது போல.

"இது எனக்குத் தெரியும்" என்றேன். "இது கிளி விரட்டுகிற சத்தம்."

ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். என் டச்சில்தான் தவறு என்று நினைத்து வில்லெம் அன்போடு, "கிளி?" என்றார். நான் கைகளை விரித்து அடித்துப் பறந்தே காட்டினேன்.

விஷயம் இதுதான். நான் பிறப்பதற்கு முன், திண்டுக்கல்லில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை மூடியபோது பழைய கேசட்டுகளை ஒரு பை நிறைய அப்பா வாங்கி வந்தார். அவற்றின் மேல் பாட்டுப் பதிந்துகொள்ளலாம் என்று எண்ணம். அதில் ஒன்று, ஒரு காதுகுத்து வீட்டில் தவறுதலாக ஓடிவிட்டது. வேப்பமரத்தில் இருந்த பறவைகள் அத்தனையும் பறந்தன. தாய்மாமன்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். அப்பா பறவைகளை மட்டும் கவனித்தார். அந்த வருடத்திலிருந்து ஆயக்குடி கொய்யாத் தோப்புகளில் காய்க்கும் பருவம் முழுக்க மரத்தில் ஹாரனைக் கட்டி அந்தக் கேசட்டை ஓட்டுவது எங்கள் சவுண்ட் சர்வீஸின் இரண்டாவது தொழில். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் கல்யாணக் கேசட்டில் மாலை, சாவுக் கேசட்டில் கறுப்புக் கோடு, இதில் ஒரு கிளி என்று படம் போட்டு வைத்திருந்தார்.

கூடத்துச் சுவரில் ஓர் உலக வரைபடம் இருந்தது. எந்த ஊர் விளையாட்டு கிடைத்ததோ அங்கே ஒரு குண்டூசி. இந்தியாவில் ஓர் ஊசி கூட இல்லை. வில்லெம், "அங்கெல்லாம் அந்தக் காலத்தில் இந்தக் கணினி போயிருக்காது" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"எங்கள் ஊரில் அப்போதே எழுதியிருக்கிறார்கள். கொண்டுவந்து காட்டுகிறேன்" என்றேன்.

அப்போது என் கையில் இருந்த ஆதாரம், பயந்துபோன கிளிகள் மட்டும்.

வில்லெம் குறிப்பேட்டை எடுத்து இரண்டு விதிகள் சொன்னார். ஒன்று, எழுதியவரின் கையெழுத்து இல்லாமல் எதுவும் பட்டியலில் ஏறாது. இரண்டு, கிடைத்தது கிடைத்தபடி இருக்க வேண்டும். ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. அப்புறம் ஒரு செய்தியும்: டிசம்பர் நடுவில் இந்தக் கட்டடத்தை இடிக்கிறார்கள். தொகுப்பு ஒரு பெரிய ஆவணக் காப்பகத்துக்குப் போகிறது. அதன் பிறகு பட்டியல் மூடப்படும்.

3

"ப்பா, அந்தக் கிளி கேசட் இருக்கா?"

"ஆயக்குடித் தோப்புல ஓடிக்கிட்டு இருக்கு ஆத்தா. ஏன், அங்கயும் கிளித் தொந்தரவா?"

"அது கிளி கேசட் இல்லப்பா. கம்ப்யூட்டர் கேம்."

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "யாரு சொன்னா? இம்புட்டு வருசமா கிளி பயந்து ஓடுது. அதுக்குத் தெரியாதா?"

வீடியோ காலில் ஓட்டிக் காட்டச் சொன்னேன். இந்தக் காலத்து ஃபோன் புத்திசாலி. பேச்சை வைத்துக்கொண்டு இரைச்சலை நீக்கிவிடும். அதன் கணக்கில் மொத்த விளையாட்டும் இரைச்சல். திரையில் மரத்துக்கு மரம் கிளிகள் சத்தமே இல்லாமல் பறந்தன. அப்பாவின் குரல் மட்டும் வானொலி நிலையத்திலிருந்து வருவது போலத் துல்லியமாகக் கேட்டது: "கேக்குதா? கேக்குதா ஆத்தா? இங்க காது கிழியுது."

"ஒண்ணுமே கேக்கலப்பா."

"இம்புட்டுப் படிச்சும் காது போச்சா?"

கேசட்டையே அனுப்பச் சொன்னேன். காய் முடியாமல் அனுப்ப முடியாது என்றார். தோட்டக்காரரும் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க பாப்பா, அது போயிருச்சுன்னா நானுல்லங்க மரத்துக்கு மரம் ஏறிக் கத்தோணும்" என்றார். சரி, இதன் மூலக் கேசட் இருக்குமே, அதையாவது அனுப்புங்கள் என்றேன்.

"அது சின்னது ஆத்தா. ஆறு நிமிசந்தேன் ஓடும். கிளி ஏழாவது நிமிசம் வந்துரும். அதான் பெரிய கேசட்டுல பக்கத்துக்கு ஏழு தடவ, ரெண்டு பக்கமும் திரும்பத் திரும்ப ஏத்தி வச்சேன்."

"சின்னது எங்கப்பா இப்ப?"

"அதுலதான ஓம் பேச்சு இருக்கு."

நான்காம் வகுப்பில் சுதந்திர தின விழாவில் நான் பேசி முதல் பரிசு வாங்கிய பேச்சு. பழைய பதிவு அழியாமல் இருக்கக் கேசட்டின் முதுகில் உடைத்து வைத்திருந்த ஓட்டையில் காகிதம் ஒட்டி, அப்பா என் பேச்சை அதன் மேல் பதிந்திருக்கிறார். அந்தப் பேச்சை விருந்தாளி வரும்போதெல்லாம் போட்டுக் காட்டச் சொன்னவளும் நானே. திண்டுக்கல்லின் ஒரே வீட்டுக் கணினி விளையாட்டின் மூலப் பிரதியை அழித்தது யார் என்று வில்லெம் கேட்டபோது, "ஒரு பள்ளி மாணவி" என்று பதில் சொன்னேன்.

செப்டம்பரில் காய் முடிந்தது. தனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அப்பா கேசட்டைக் கூரியர் கடைக்குக் கொண்டுபோனார். உள்ளே என்ன என்று கேட்டதற்கு, "கிளி வெரட்டுறது" என்றிருக்கிறார். கடைக்காரர் ஆங்கிலத்தில் 'கிளி' என்பதை மட்டும் எழுதிவிட்டார். மூன்று வாரம் கழித்து எனக்குச் சுங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பறவை உயிரோடு இருக்கிறதா? பாதுகாக்கப்பட்ட இனமா? தடுப்பூசிச் சான்று உண்டா? மூன்றுக்கும் இல்லை என்று எழுதினேன். அப்படியென்றால் பறவையின் எந்தப் பாகம் பார்சலில் இருக்கிறது என்று இன்னொரு கடிதம் வந்தது. நவம்பர் முதல் வாரத்தில் நேரில் போய், அதிகாரியின் முன்னால் அவர்களுடைய கத்தரிக்கோலாலேயே பார்சலைப் பிரித்துக் காட்டினேன். அவர் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கிளிப் படத்தில் சிறிது நேரம் நின்று, முத்திரை குத்தினார்.

4

கேசட்டில் அப்பா ஏற்றியிருந்த ஒரு பிரதியும் முழுசாக இல்லை. அப்பா ஆம்ப்ளிஃபயர் வழியாகப் பதிந்ததால் முதல் பிரதியில் "ஹலோ, மைக் டெஸ்டிங்" விழுந்திருந்தது. நான்காவதில் கரண்ட் போயிருந்தது. ஆறாவதில் ஒரு சேவல். ஒன்பதாவதில், கிளிகள் இன்னும் பயப்படட்டும் என்று எக்கோ வைத்திருந்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வில்லெமின் முகம் மலர்ந்தது.

"பதினான்கு பிரதிகள்! ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் பழுது. ஒன்றில் போனது இன்னொன்றில் இருக்கும். யார் இவ்வளவு தொலைநோக்கோடு செய்தது?"

"என் அப்பா. எங்கள் பகுதியில் ஒலிப்பதிவில் பெரிய ஆள்" என்றேன். பொய் இல்லையே.

மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்து பதினான்கின் சத்த அலைகளையும் துண்டு துண்டாக ஒப்பிட்டோம். சேவல் இருந்த இடத்துக்குப் பதினோராவது பிரதியிலிருந்து எடுத்தோம். மைக் டெஸ்டிங்குக்கு இரண்டாவதிலிருந்து. கடைசியில் வில்லெம் அந்தப் பழைய கணினியில் ஏற்றினார். டிவி ஒரு முறை சிமிட்டியது. ஆங்கில எழுத்தில் மூன்று வரிகள் வந்தன.

குடம்
எழுதியவர் ஜே. மெர்சி
நாகல் நகர், திண்டுக்கல்

நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

பிறகு விளையாட்டு. மேலே ஒரு குழாய். கீழே வரிசையாக எட்டுக் கட்டங்கள், கழுத்து வைத்தவை. மஞ்சள் கட்டம் நாம், சிவப்புக் கட்டத்தின் மேல் ஓர் எழுத்து, 'ரா'வுக்குரிய ஆங்கில எழுத்து. வேறொன்றும் நடக்கவில்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம்.

"நின்றுவிட்டதா?" என்றார் ஒருவர்.

"இல்லை. தண்ணீர் வரக் காத்திருக்கிறோம்" என்றேன்.

"எப்போது வரும்?"

"அது யாருக்கும் தெரியாது."

இந்த நாட்டில் ரயில் நான்கு நிமிடம் தாமதமானால் பயணிகளுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். வரிசை என்பது முன்னால் நகர மட்டும்தான் என்று நம்புகிறவர்கள். கட்டங்களை வெடிகுண்டு என்று ஒருவரும், வேற்றுக்கிரகவாசிகள் என்று ஒருவரும் ஊகித்தார்கள். குடம் என்றேன். எதற்கு எட்டு பேர் ஒரு குழாய்க்கு என்றார்கள். எட்டுதானா என்று நானும் ஆச்சரியப்பட்டேன்.

திடீரென்று திரையில் 'பால்' என்ற சொல் ஆங்கில எழுத்தில் மின்னியது. டச்சில் அதே எழுத்துக்குக் கம்பம் என்று பொருள். எங்கோ கம்பத்தில் மோதப்போகிறோம் என்று வில்லெம் பதறினார். அடுப்பில் பால் பொங்குகிறது, வீட்டுக்கு ஓடுங்கள் என்றேன். அவர் விசையைத் தட்டி, ஓடி அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் சிவப்புக் குடம் முன்னால் இருந்தது. மஞ்சள் குடம் கடைசியில். தண்ணீர் வந்தது, நின்றது. ஆங்கில எழுத்தில் தமிழ் வரி ஒன்று வந்தது: 'ராஜாத்தி முந்திக்கிட்டா. வீட்டுக்குப் போ.'

அன்று மாலைக்குள் ஒன்பது பேரும் தோற்றார்கள். நானும் தோற்றேன். "யார் இந்த ராஜாத்தி?" என்று வில்லெம் மூச்சு வாங்கக் கேட்டார். நிரலைத் திறந்து பார்த்தால் ஜெயிக்கும் வழி தெரிந்துவிடும். ஆனால் விளையாடி முடிக்காமல் நிரலைத் திறப்பது இந்தக் கூட்டத்தில் அசிங்கம். பரீட்சைத்தாளைத் திருடியவனைப் போலப் பார்ப்பார்கள்.

5

மெர்சி டீச்சரைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. நாகல் நகரில் மைக் செட் வைத்திருக்கும் ஒருவரை அப்பா ஃபோனில் கேட்க, அவர் நம்பரே கொடுத்துவிட்டார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். நான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, "டீச்சர், குடம் கிடைச்சிருச்சு" என்றேன்.

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

"அது அழிஞ்சு போச்சுன்னுல்லம்மா நெனச்சேன்."

அந்த இன்ஸ்டிட்யூட் முதலாளி சிங்கப்பூரிலிருந்து ஒரே ஒரு கணினி கொண்டுவந்தாராம். பாடம் நடத்த இவரை வைத்தார். வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் இவர் கையில் அது. நான்கு மாதத்தில் எழுதி முடித்தார். இன்ஸ்டிட்யூட் மூடியது, கணினி போனது, கேசட்டும் போனது.

"எம் மகன் கோயமுத்தூர்ல சாஃப்ட்வேர்ல இருக்கான். நான் அப்பவே கேம் எழுதுனேன்னு சொன்னா, 'நீங்க டைப்பிங்தானம்மா சொல்லிக்கொடுத்தீங்க'ன்னு சிரிப்பான். லேப்டாப்ப எனக்குத் தொறந்து குடுத்துட்டு, மெதுவா அமுத்துங்கங்கான். எங்கிட்டக் காட்ட ஒண்ணும் இல்ல பாத்துக்க. இப்ப காட்டலாம்ல?"

"உலகத்துக்கே காட்டலாம் டீச்சர். ஒரு கையெழுத்து மட்டும் வேணும்."

"போட்டுட்டாப் போச்சு." உடனே குரல் மாறியது. "இரு. அதுல ராஜாத்தி இருக்காளா?"

"இருக்காங்களே. அவங்கதான் இங்க எல்லாரையும் தோக்கடிக்கிறாங்க."

"போச்சு" என்றார் டீச்சர். "பக்கத்து வீடும்மா அது. குழாயடில அவளுக்கும் எனக்கும் ஆகாது. ஒரு கோவத்துல பேரக்கூட மாத்தாம எழுதிட்டேன். இப்ப எம் மகன் கட்டியிருக்குறது அவ மகளத்தான்."

காதல் கல்யாணம். கோயிலா சர்ச்சா என்று தொடங்கி, இரண்டு வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பேரன் பிறந்த பிறகுதான் 'வாங்க சம்பந்தி, சாப்பிட்டீங்களா சம்பந்தி' என்று ஒரு மாதிரி ஓடுகிறது. இந்த நேரத்தில், மருமகளின் அம்மா குடம் தள்ளுகிற காட்சியை மகனுக்கும் உலகத்துக்கும் எப்படிக் காட்டுவது?

"பேர மட்டும் ரோசின்னு மாத்திரு. ஒடனே கையெழுத்துப் போடுறேன்."

வில்லெமிடம் கேட்டேன். அவர் என்னை, தண்டவாளத்தைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். வேண்டுமானால் 'பாத்திரங்கள் கற்பனை' என்று ஒரு குறிப்புச் சேர்க்கலாம் என்றார். டீச்சரிடம் சொன்னேன்.

"நாகல் நகர்னும் போட்டு, ராஜாத்தின்னும் போட்டு, கற்பனைன்னா அவ நம்புவாளா? நீயே சொல்லு."

நம்ப மாட்டார். பட்டியல் மூட இரண்டு வாரம் இருந்தது. டீச்சர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் குரலைக் கேட்டால் யோசித்து முடித்துவிட்டது போலத்தான் இருந்தது.

6

அப்பாவுக்கு எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை. நான் அனுப்பிய படிவத்தை வேடசந்தூரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். "தாளைக் கையில பாத்தா டீச்சருக்கு மனசு வரும்" என்பது அவர் கணக்கு.

சனிக்கிழமை காலை, கூடத்தில் காபி கலந்துகொண்டிருந்தபோது அப்பாவின் வீடியோ கால் வந்தது. ஊரில் அப்போது மதியம் தாண்டியிருந்தது.

"ஆத்தா, நாகல் நகர் வந்துட்டேன். டீச்சர் வீடு எதுன்னு வாசல்ல நின்ன அம்மாட்ட கேட்டேன். எங்க சம்பந்திதேன், என்ன விசயம்னுச்சு. சொன்னேன்."

"என்னப்பா சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன். டீச்சர் ஒரு கேம் எழுதியிருக்கு, அதுல ராஜாத்தின்னு ஒரு பொம்பள குடத்தத் தள்ளித் தள்ளித் தண்ணி பிடிக்குது, வெள்ளக்காரன் பூராம் தோத்துப் போறான்னேன். இந்த அம்மா, நாந்தேன் அந்த ராஜாத்திங்குது."

அப்பாவின் குரல் மைக் இல்லாமலே நான்கு தெருவுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மெர்சி டீச்சர் வந்து திரையின் ஓரத்தில் பாதி முகமாக நின்றார். அந்தப் பாதியிலேயே எல்லாம் தெரிந்தது.

ராஜாத்தியம்மா ஃபோனைத் தன் பக்கம் திருப்பினார். காதில் கல் தோடு, ஈரக் கை. "போட்டுக் காட்டு பாப்பா, பாப்போம்."

"வேண்டாம் சம்பந்தி, அது ஏதோ அந்தக் காலத்துல வெளையாட்டா..." என்று டீச்சர் தொடங்கினார்.

"வெளையாட்டுதான, இருக்கட்டும் சம்பந்தி."

என் ஃபோனை டிவியின் முன் பிடித்தேன். என்ன நடக்கிறது என்று வில்லெமுக்கு இரண்டு வரியில் சொன்னேன். அவர் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு விளையாட உட்கார்ந்தார். காத்திருந்தார். பால் மின்னியது. ஓடினார். திரும்பினார். சிவப்புக் குடம் முன்னால். ராஜாத்தி முந்திக்கிட்டா.

கூடத்தில் ஒருவரும் காபியைத் தொடவில்லை. ஃபோனில் ராஜாத்தியம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல நான் எங்க தள்ளுனேன்?" என்றார்.

டீச்சர் திரையின் ஓரத்திலிருந்து இன்னும் கொஞ்சம் விலகினார்.

"ஆள் நிக்காத குடம் பின்னால போகும். அது நம்ம தெருவுல எல்லாருக்கும் உள்ள சட்டந்தான? எங்க மாமியார் குடத்தையே நான் பின்னால வச்சிருக்கேன். சம்பந்தி சட்டப்படிதேன் எழுதியிருக்காக." பிறகு என்னிடம், "அந்தத் தாத்தாட்டச் சொல்லு பாப்பா. பால் பொங்குனா பொங்கட்டும். குடத்த விட்டு நகரக் கூடாது."

நான் மொழிபெயர்த்தேன். வில்லெம் அதிர்ந்துபோனார். "அடுப்பை அப்படியே விட்டுவிட்டா?"

"அப்படித்தான் சொல்கிறார்."

அவர் மறுபடி தொடங்கினார். பால் மின்னியது. நாற்பது வருடம் விளக்கு மின்னினால் உடனே கை நீட்டிப் பழகியவர். கை தானாக விசைக்குப் போனது. இழுத்துக்கொண்டார். மின்னல் வேகமாயிற்று, திரை முழுக்கப் பால் பால் என்று துடித்தது. மஞ்சள் குடம் அசையவில்லை. குழாயில் ஒரு நீலப் புள்ளி, பிறகு கோடு. குடம் நிறைந்தது. நாங்கள் யாரும் அதுவரை பார்க்காத ஒரு திரை வந்தது. ஆங்கில எழுத்தைக் கூட்டி நான் சத்தமாகப் படித்தேன்.

'தண்ணி கெடச்சுச்சு. பால் போச்சு. அம்மா வெளக்கமாத்தோட வாராங்க. ஓடு.'

ஒன்பது கிழவர்களும் கை தட்டினார்கள். டீச்சரின் முகம் இப்போது முழுசாகத் திரைக்குள் வந்திருந்தது. "எழுதுனது எனக்கே மறந்துபோச்சும்மா" என்றார். "நான் ஒரு தடவகூட ஜெயிச்சதில்ல. பால் பொங்குனா ஓடிருவேன்."

"ஒங்க அம்மாவுக்குப் பயந்து" என்றார் ராஜாத்தியம்மா. "வெளக்கமாத்தோட வந்துச்சே அந்தம்மா, நாந்தான மறிச்சேன்."

"நீ எங்க மறிச்ச? நீ சிரிச்ச."

"மறிச்சுட்டுத்தேன் சிரிச்சேன் டீச்சரு."

"மறிக்கலடி. ஓங் குடம் எடத்துலதான நீ நின்ன."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். எந்த வருடம், எந்தக் கோடை, குடம் பித்தளையா பிளாஸ்டிக்கா என்று போனது. சம்பந்தி என்ற சொல் காணாமல் போயிருந்தது. அப்பா நடுவில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, பந்தலில் மைக் பிடிப்பது போலப் பேசுகிறவர் பக்கம் மாறி மாறி நீட்டினார். வில்லெம் கவலையோடு என் தோளைத் தொட்டார்.

"சண்டையா? கையெழுத்துக் கிடைக்காதா?"

"கொஞ்சம் பொறுங்கள்" என்றேன்.

டீச்சர் படிவத்தை அப்பாவின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கு எங்கே இடம் என்று ராஜாத்தியம்மா கேட்டார். 'உதவியவர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவரும் போட்டார், இனிஷியலோடு.

"டீச்சர், ஒங்க மகனுக்கு இப்பவே அனுப்பிவிடட்டுமா?" என்று கேட்டேன். "வீட்ல லேப்டாப்லயே வெளையாடலாம்."

"அனுப்பாத. அடுத்த வாரம் பேரனோட வாரான். நானே போட்டுக் காட்டுறேன். மொதல்ல ஒக்காந்து வெளையாடட்டும்."

ராஜாத்தியம்மா டீச்சரின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். குரலைத் தணித்துத்தான் சொன்னார். ஆனால் எங்கள் அப்பா ஃபோனை அவர் வாயருகே கொண்டுபோய்விட்டதால் கூடம் முழுக்கக் கேட்டது.

"மருமகன்ட்ட பால் விசயத்த மட்டும் சொல்லிராத."